பச்சை மூடி பாட்டில்

ஆலைக் கேண்டீனில் முந்நூறு பேருக்கு அலட்டிக்கொள்ளாமல் சமைக்கிற மாஸ்டருக்கு, வீட்டில் மூன்று பேருக்குச் சமைப்பதுதான் பெரும்பாடு. மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியதிலிருந்து இரவுச் சமையல் அவர் பொறுப்பு. அவள் பேருந்து ஓட்டுகிறவள். தெருவே அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடும். மருத்துவமனையில் உணவுக் குறிப்பு எழுதித் தருகிற பெண் ஒரு தாளைக் கொடுத்து, வாரத்தில் நாலு நாள் இதைச் செய்து கொடுங்கள் என்றிருந்தாள். தோல் நீக்கிய கோழி, தீட்டாத அரிசிச் சோறு, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், கேரட், கொஞ்சம் நல்லெண்ணெய், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். சாஸ் மட்டும் உப்பு குறைத்ததாக இருக்க வேண்டும் என்று அடியில் இரண்டு கோடு வேறு. அதுதான் பச்சை மூடி போட்ட சின்ன பாட்டில்.

முதல் இரண்டு வாரம் மாஸ்டர் தாளில் உள்ளதைத் தாண்டி ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. டிரைவரம்மாவும் வாய்திறந்து குறை சொல்லவில்லை. ஆனால் பாதித் தட்டு அப்படியே திரும்பி வந்தது. கேண்டீனில் ஒரு தட்டு மிச்சத்தோடு வந்தாலே மாஸ்டர் அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டில் யாரிடம் தூக்கி வைத்துக்கொள்வது?

பாட்டில் தீர்ந்த அன்றுதான் வினை தொடங்கியது. கேண்டீனில் மேசை பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காலியானால் பெரிய கேனிலிருந்து ஊற்றி வைப்பார்கள், அவ்வளவுதான். இருபது வருஷப் பழக்கம். மாஸ்டர் பச்சை மூடியைப் பையில் போட்டுக்கொண்டு போய், கேன் சாஸை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று டிரைவரம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"இன்னைக்குத்தான் நீங்க சமைச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

ஊற்றி வந்தது உப்பு குறைக்காத சாஸ் என்று அப்போதே மாஸ்டருக்குப் பொறி தட்டியது. சொல்லியிருக்கலாம். ஒரு தேக்கரண்டியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மென்று முழுங்கிவிட்டார். அப்புறம் அது ஒன்றரையானது. பாட்டில் மூன்று தடவை நிரம்பியது. முதல் தடவை பழக்கதோஷம். மற்ற இரண்டும் மனமறிந்த திருட்டு, அதற்கு வேறு பெயர் கிடையாது.

தினமும் காலையில் மகள் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து நாள்காட்டியில் எழுதுவாள். எண் இறங்குவதாக இல்லை. மாஸ்டர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் டிரைவரம்மா மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தாள். சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் கோழியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திரையைக் கூட்டிட்டாங்க. இன்னும் பதினாலு நாள்ல தகுதிப் பரிசோதனை. அதுக்குள்ள இறங்கலன்னா வண்டி கிடையாதாம். ஆபீஸ்ல உட்கார வெச்சிடுவாங்களாம்."

கத்தி பாதியில் நின்றது.

"என் தப்புதாங்க" என்றாள். "டிப்போல டீயோட ரெண்டு உப்பு பிஸ்கட் தின்னுட்டேன். தினம் இல்ல, எப்பவாவது. நீங்க இவ்வளவு பார்த்துப் பார்த்து செஞ்சு போடுறீங்க. நான்தான் உங்களை ஏமாத்திட்டேன்."

நெரிசலில் லாரிக்காரனையே ஓரங்கட்டுகிறவள், இரண்டு பிஸ்கட்டுக்காகக் கண்கலங்கினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போய் முகம் கழுவிட்டு வா" என்றார். சொல்லிவிட்டு, அவள் போன பிறகு, கோழைப்பயலே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டு சரிதான். ஆனால் தனியாக நின்று திட்டிக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம்?

அன்று அவர் பாட்டிலைத் தொடவில்லை. இஞ்சியும் பூண்டும் கூடுதலாகத் தட்டிப் போட்டு, கோழியை ஆவியில் வேகவைத்து, சோற்றின் மேல் பரப்பி வைத்தார். மணம் என்னவோ வந்தது. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது.

டிரைவரம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். "சாஸ் போட மறந்துட்டீங்களா?"

மகள் எழுந்து போய் அலமாரியிலிருந்து பச்சை மூடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். மாஸ்டர் எட்டிப் பிடுங்கினார்.

"வேண்டாம்."

"உப்பு கம்மியானதுதானே அப்பா" என்றாள் மகள்.

"இல்லம்மா. பாட்டில்தான் அது. உள்ள இருக்கிறது கேண்டீன் சாஸ்."

டிரைவரம்மா கையைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா?"

"ஆறு வாரமா."

"தெரிஞ்சேவா?"

"முதல் தடவை கைப்பழக்கத்துல ஊத்திட்டேன். அப்புறம் தெரிஞ்சேதான். நீ தட்டைக் காலி பண்ணினியா, அதைப் பார்த்துட்டு விட மனசு வரல." "பிஸ்கட்டால இல்ல. என்னாலதான்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தியிருந்தால் தேவலை. அவள் குனிந்து அந்தச் சப்பென்ற சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடித்ததும் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காலி. இதுக்குத்தானே?"

மாஸ்டர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நாளைக்கும் இதையே வைங்க" என்று எழுந்தாள். "பதினாலு நாளும் காலியாத்தான் வரும்."

மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். இத்தனை வருஷத்தில் ஒரு காலித் தட்டைத் தொட அவருக்குக் கை கூசியது அன்றைக்குத்தான்.