இக்காஸ்ட் கொட்டிலில் விழுந்த துவக்கு

2024 மார்ச் 9, சனிக்கிழமை, டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு வீட்டின் பின்கொட்டில் கூரையை உடைத்தபோது, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் தானியங்கித் துப்பாக்கி ஒன்று கீழே விழுந்தது.

அது விழுந்த நேரம் வீட்டுக்காரி ராசமலர் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். பின்னேரம் அவள் வீடு திரும்பியபோது, கணவர் மகேந்திரராசாவும் அவருடைய பழைய தொழிற்சாலைக் கூட்டாளி பேனாட்டும் தோட்டத்தின் மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இருவரின் சப்பாத்திலும் மண். புல்லுக்கு நடுவே, கோடை முடிந்ததும் மூடிக்கட்டி வைத்த பாபர்கியூ அடுப்பு எழுந்து நின்றது.

"மார்ச் மாதக் குளிரில என்ன பாபர்கியூ?" என்றாள் ராசமலர்.

"சும்மா, வெளியில எடுத்து வைச்சுப் பாத்தம்," என்றார் மகேந்திரராசா.

"அதைத் தள்ளுங்கோ பாப்பம்."

ஒருவரும் தள்ளவில்லை. அவளே தள்ளினாள். அடியில் புதிதாக வெட்டி மிதித்த மண் கிடந்தது.

கொட்டில் கூரையை உடைக்கச் சொன்னதே அவள்தான். மீன் பொரித்தால் அந்த வாசம் வீட்டுக்குள் மாட்டியிருக்கும் குளிர்ச்சட்டைகளில் ஏறிவிடும். மறுநாள் வேலைக்குப் போனால் முதியவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இக்காஸ்டில் பாதித் தமிழ் வீடுகளில் கராஜுக்குள் ஓர் அடுப்பு இருப்பது இதற்காகத்தான். ராசமலர் தன் பங்குக்குப் பின்கொட்டிலைச் சமைப்பதற்கான வெளிக்குசினி ஆக்க நினைத்தாள். அந்தப் பழைய வீட்டை அவர்கள் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கொட்டிலின் கூரைப் பலகைக்கு மேலே யாரோ எப்போதோ ஒளித்து வைத்தது, மெழுகுத்துணியோடு மகேந்திரராசாவின் காலடியில் விழுந்தது. அவர் அவிழ்த்துப் பார்த்தார். பிறகு குழி வெட்டி மண்ணுக்குள் தாட்டுவிட்டார்.

"துவக்கு," என்றார் பேனாட் மெதுவாக. "பெரிசு. மகசீனும் இருக்குது."

ராசமலர் பாபர்கியூ அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பொலிசுக்குப் போன் அடிக்கிறதை விட்டிட்டு, தாட்டனீங்களோ? உங்களுக்கென்ன விசரே?"

மகேந்திரராசா சப்பாத்தால் அந்த மண்ணை இன்னொரு தரம் மிதித்தார்.

அவளுக்குத் துவக்கைப் பற்றிய பயம் இரண்டாவதுதான். முதற்பயம் ஏப்ரல் மாதத்தைப் பற்றியது. அவளும் பிள்ளைகளும் டென்மார்க் குடிமக்களாகி எத்தனையோ வருடம். மகேந்திரராசா மட்டும் வெளியே நின்றார். மொழிப் பரீட்சை அவரைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்தது. பில்லுண்ட் விமான நிலையத்தில் குடும்பம் ஒரு வரிசையில் போக, அவர் மற்ற வரிசையில் நிற்பார். இவள் கண்ணாடிக்கு அப்பால் அவருடைய பையையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரு முறை அவர் வெளியே வரத் தாமதமாகி, பிள்ளைகள் அழத் தொடங்கியது இன்றும் அவளுக்கு நினைவு. கடைசியில் பரீட்சையிலும் தேறினார், போன வருடம் டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அவருடைய பெயரும் வந்தது. இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஏப்ரல் 23ஆம் திகதி கொம்யூனில், அதாவது நகரசபையில், நடக்கும் விழாவில் கைகொடுத்து, தன்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு பெரிய தண்டப்பணம் விழுந்தாலே வருடக்கணக்கில் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்தில் தானியங்கித் துவக்கைத் தாட்டவரை எத்தனை வருடம் தள்ளுவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"விழா முடியட்டும் மலர். பிறகு பாப்பம்," என்றார் அவர்.

"அப்ப அந்தக் கடதாசியில பொய்க் கையெழுத்தோ வைக்கப் போறியள்?"

அவர் அடுப்பைத் திரும்ப அந்த மண்ணுக்கு மேல் இழுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் மகேந்திரராசா யன்னலால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு பிரேபனிடம் பேச்சுக் கொடுத்தார். பிரேபன் ஓய்வுபெற்ற தச்சன்; பழைய வேட்டைத் துப்பாக்கிகள் சேகரிக்க அனுமதி வைத்திருப்பவன். தன்னுடைய சிநேகிதர் ஒருவர் இப்படி ஒரு பொருளைக் கண்டெடுத்தால் என்ன செய்யலாம் என்று மகேந்திரராசா கேட்டார். பிரேபன் புல்லில் நின்ற பாபர்கியூ அடுப்பை ஒரு முறை பார்த்தான். அன்று பின்னேரமே அவர்களுடைய குசினி மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"வளைந்த மகசீனா?" என்று கேட்டான். "மரத்தாலான பின்கட்டையா?"

மகேந்திரராசா தலையாட்டினார். சிநேகிதர் கதை அத்தோடு முடிந்தது.

பிரேபனுக்குக் கண் மினுங்கியது. அது நாற்பத்து நான்காம் வருட மாதிரி என்றான். போர் முடியும் தறுவாயில் ஜெர்மன்காரர் செய்தது, அதற்குப் பிறகு உலகம் செய்த இந்த வகைத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் மூத்தது. அமெரிக்காவில் இதை இருபத்தையாயிரம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவுசெய்த துப்பாக்கிக்குத்தான் அந்த விலை, புதிதாக ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. ஐரோப்பாவில் குழாயை அடைத்து, உள்ளுறுப்புகளை வெட்டி ஒட்டி, இனி ஒருபோதும் சுடாது என்று முத்திரை குத்தியதற்கு ஐயாயிரம் ஆறாயிரம் யூரோ.

"அப்ப வெட்டாம முழுசா இருக்கிறதுக்கு?" என்று கேட்டாள் ராசமலர்.

"டென்மார்க்கில் சாதாரண ஆளுக்கு அதற்கு விலையே கிடையாது. வைத்திருந்தால் சிறை." பிரேபன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். "அதனால்தான் சொல்கிறேன். அதை நான் எடுத்துப் போகிறேன். இறந்துபோன என் மாமாவின் பரணில் கிடைத்ததென்று நானே பொலிசுக்குச் சொல்லி, முறைப்படி வெட்டி, என் சேகரிப்பில் சேர்க்க விண்ணப்பிப்பேன். உங்களுக்கு நாற்பதாயிரம் குரோனர், கையில் காசாக. மகேந்திரராசாவின் பெயர் எங்கேயும் வராது. விழாவும் நல்லபடி நடக்கும்."

அவன் போன பிறகு மகேந்திரராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிக்குசினிக்கு நல்ல அடுப்பே வாங்கலாம் என்றார்.

"காசை விடுங்கோ. பெயர் வராது என்டானே, அதுதான் எனக்கும் ஆசையா இருக்குது," என்றாள் ராசமலர். அவள் பொய் சொல்லவில்லை. அன்றிரவு அவளும் அந்த ஆசையோடுதான் படுத்தாள்.

மறுநாள் கனடாவிலிருந்து அவளுடைய மைத்துனி சாரங்கி போன் எடுத்தாள். எடுத்தவுடனேயே சிரிப்பு.

"அண்ணி, டென்மார்க்கில ஆயுதக் கிடங்கோ நடத்திறியள்?"

"என்னடி சொல்லுறாய்?"

"பேனாட் அண்ணை வீடியோ அனுப்பினவரல்லோ! இஞ்ச எல்லாரும் பாத்திட்டம். லண்டனிலயும் பாத்திட்டினம். பிரான்சில மாமா திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறாராம்."

பேனாட்டுக்கு ஒரு பழக்கம். எந்த வேலை தொடங்கினாலும் போனை ஓரிடத்தில் சாத்தி வைத்து வீடியோ எடுத்து, சொந்தபந்தம் எல்லாம் இருக்கிற குழுவுக்கு அனுப்பிவிடுவார். வேலியடித்தது, பனி தள்ளியது, கார் டயர் மாற்றியது எல்லாம் அதில் இருந்தன; ராசமலர் அவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. சனிக்கிழமை கூரை உடைத்ததும் அப்படியே போயிருந்தது, வெட்டாமல் கொத்தாமல்.

ராசமலர் பேனாட்டை வீட்டுக்கு அழைத்தாள். அவர் கதவைத் தட்டியதுமே ஏசத் தொடங்கிவிட்டாள்.

"துவக்கை மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு, வீடியோவை உலகத்துக்கெல்லாம் அனுப்பினனீங்களோ? பேனாட் அண்ணை, உங்களைத்தான் முதல்ல தாட்டிருக்க வேணும்!"

"பழக்கதோசம் தங்கச்சி. தாட்டு முடிச்சிட்டுப் போனைக் கையில எடுத்தன். யோசிக்கிறதுக்கிடையில விரல் அனுப்பிப்போட்டுது."

அந்த வீடியோவை அவள் அவருடைய போனிலேயே முழுதாகப் பார்த்தாள். பார்த்து முடித்து, இன்னொரு தரம் பார்த்தாள். பிரேபனின் மாமாவும் பரணும் இனிச் செல்லாது. மூன்று நாடுகளில் ஆட்கள் பார்த்துவிட்டார்கள், அது எங்கே விழுந்ததென்று. ஆனால் அதில் வேறொன்றும் இருந்தது. அவள் போனை மேசையில் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"நான் பொலிசுக்கு அடிக்கப் போறன்."

"மலர், எல்லாம் போயிடும்."

"போகாது. இதில நீங்கள் கதைச்சதை நீங்களே கேட்டனீங்களோ?"

அவர் கேட்டிருக்கவில்லை. தான் அன்று வாயைத் திறந்ததே அவருக்கு நினைவில் இல்லை.

பொலிஸ் வாகனம் வந்தபோது பிரேபன் தன் வேலிக்கருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தான். வெடிபொருள் தெரிந்த ஒருவர் மண்ணை விலக்கி, பொதியை வெளியே எடுத்தார். மகசீனுக்குள் ரவைகள் துருவோடு ஒட்டியிருந்தன. பேனாட் சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனார்.

அதிகாரி ஓர் இளம்பெண். அவள் கேட்டது ஒரே கேள்வி. "கூரையில் கிடைத்தது என்கிறீர்கள். அது ஏன் மண்ணுக்குள் இருக்கிறது?"

மகேந்திரராசாவின் டேனிஷ் மொழி அந்த இடத்தில் அவரைக் கைவிட்டது. ராசமலர் போனை நீட்டினாள்.

வீடியோவில் பலகை உடைகிறது. பொதி விழுகிறது. மகேந்திரராசா குனிந்து அவிழ்க்கிறார். ஒரு கணம் சிலையாக நிற்கிறார். பிறகு அவருடைய குரல், அடித்தொண்டையிலிருந்து: "பேனாட், ஆமி வரப்போறான்! கெதியா கிடங்கு வெட்டு! கெதியா!"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் அதிகாரி.

"இராணுவம் வரப்போகிறது, சீக்கிரம் குழி வெட்டு என்கிறார்," என்று ராசமலர் டேனிஷில் சொன்னாள்.

அதிகாரி வேலிக்கப்பால் பார்த்தாள். தெருவில் ஒரு பெண் நாயோடு போய்க்கொண்டிருந்தாள்.

"எந்த இராணுவம்?"

இந்த முறை மகேந்திரராசாவே பதில் சொன்னார், மெதுவாக, பிழையோடு, ஆனால் நிற்காமல். தனக்கு இருபது வயதாக இருக்கும்போது, ஊரில் தங்கள் வீட்டு வளவில் யாரோ ஒரு துவக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்றார். சுற்றிவளைப்பு தொடங்கிவிட்டது, தானும் தகப்பனும் அதை வாழைக்குக் கீழே தாட்டார்கள். தாட்டபடியால்தான் உயிரோடு வந்தார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு மண்ணுக்குள் தாழ்க்க நேரம் கிடைக்கவில்லை. "சனிக்கிழமை நான் இக்காஸ்டில் இருக்கிறேன் என்பது எனக்கு மறந்துபோனது," என்றார்.

அந்த ஒரு வசனத்தில் அவர் ஒரு பிழையும் விடவில்லை. ராசமலர் அதைக் கவனித்தாள்.

அதிகாரி வீடியோவின் பிரதியை வாங்கினாள். தொட்டதும் நகர்த்தியதும் பிழை, உடனே அழைத்திருக்க வேண்டும் என்றாள். ஆனால் எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது, தாட்டவர் எந்த நிலையில் இருந்தார் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. தானும் அப்படியே எழுதுவதாகவும், முடிவெடுப்பது வழக்குத்தொடுநர் என்றும் சொன்னாள். ராசமலர் ஏப்ரல் விழாவைப் பற்றிச் சொல்ல, அதிகாரி போகும்போது மகேந்திரராசாவுக்குக் கைகொடுத்தாள். "இது விழாவுக்கு ஒத்திகை," என்றாள்.

வாகனம் திரும்பியதும் பிரேபன் வேலியால் எட்டிப் பார்த்தான். "நாற்பதாயிரத்தை மண்ணிலிருந்து தோண்டிப் பொலிசுக்குக் கொடுத்துவிட்டீர்களே!"

"உங்கட மாமாவைப் பரணில இருந்து இறக்கி விட்டிருக்கிறம், பிரேபன். அதுக்கு ஒரு நன்றியும் இல்லையே?" என்றாள் ராசமலர் டேனிஷில். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஈஸ்டர் முடிந்த வாரம் தொலைபேசி வந்தது. ராசமலர் வேலைத்தலத்தில் ஒரு முதியவருக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மகேந்திரராசா.

"வழக்கில்லையாம்."

"தண்டம்?"

"தண்டமும் இல்லையாம். முடிஞ்சுதாம், மலர்!"

அவள் காலுறையைக் கையில் பிடித்தபடியே அந்த அறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். தொண்ணூறு தாண்டிய அந்த டேனிஷ் முதியவர், என்னவென்று தெரியாமலே கைதட்டினார்.

ஏப்ரல் 23ஆம் திகதி மகேந்திரராசா கடுநீலக் கோட்டில் கொம்யூன் மண்டபத்துக்குள் நுழைந்தார். பெயர் கூப்பிட்டார்கள், அவருடைய பெயரின் நீளத்தில் மேயருக்கு மூச்சுமுட்டியது. அவர் கைகொடுத்தார். உறுதிமொழியை முழுதாக வாசித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். பின்வரிசையில் பேனாட் எழுந்து நின்று வீடியோ எடுத்தார். இந்த முறை ராசமலரே, "இன்னும் கிட்டப் போய் எடுங்கோ அண்ணை, எல்லாருக்கும் அனுப்புங்கோ," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வெளிக்குசினியில் முதல்முறை அடுப்புப் பற்றியது. தாச்சி நிறைய மீன் பொரிந்தது. தெருவெல்லாம் வாசம். கோட்டுகள் வீட்டுக்குள் பத்திரமாகத் தொங்கின. பிரேபன் பியர்ப் பெட்டியோடு வந்து மூன்று முறை மீன் வாங்கித் தின்றான்; உறைப்பில் கண்ணீர் வடிய, கூரையை ஏக்கத்தோடு பார்த்தான். இன்னும் உடைக்க ஏதாவது பலகை மிச்சமிருக்கிறதா என்று மகேந்திரராசாவிடம் கேட்டான்.

"இருந்தா நான் தாழ்க்க மாட்டன். உங்கட வளவுக்குள்ள எறிஞ்சிடுவன்," என்றார் மகேந்திரராசா.

துப்பாக்கி சுட முடியாதபடி வெட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனது. பிரேபன் நுழைவுச்சீட்டு வாங்கி அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஜூலை மாதம் ராசமலரும் மகேந்திரராசாவும் ஒரு கலியாணத்துக்காக லண்டன் போனார்கள். பில்லுண்ட் விமான நிலையத்தில் இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அவருடைய பையை அவரே வைத்திருந்தார்.