பரிந்து பேசிய பக்கம்

வகுப்பில் சாது என்று பெயரெடுத்தவன்தான் அந்த முகம் தெரியாத பக்கத்தை இணையத்தில் நடத்தி வந்தான். யார் வழுக்கி விழுந்தாலும் மாலைக்குள் அது அதில் ஏறிவிடும். கருத்தரங்கில் பேச எழுந்த ஒரு பெண் மைக்கில் தும்மியதைப் பாட்டோடு சேர்த்து அவன் போட, பல்கலைக்கழகமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தும்மல் என்றே பெயர். எடுத்துவிடச் சொல்லி அவள் கெஞ்சி எழுதியதற்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புப் பொம்மைதான் பதிலாகப் போனது. கடைசி பெஞ்சுக்குப் போனவள் அப்புறம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. எல்லாம் விளையாட்டுதானே என்று சாது தன் மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்துவிட்டான்.

வினை அறைத்தோழன் வாயிலிருந்து வந்தது. வகுப்பில் எல்லாரும் அந்தப் பக்கத்தில் வந்தாயிற்று, நீ மட்டும் எப்படிடா தப்பித்தாய் என்று பல் தேய்த்துக்கொண்டே கேட்டு வைத்தான். சாது கணக்குப் போட்டுப் பார்த்தான். மாட்டினால் பல்கலைக்கழகத்தை விட்டே துரத்திவிடுவார்கள்.

வேறு வழியில்லாமல் தன்னைத் தானே கிண்டல் செய்வதென்று முடிவெடுத்தான். அதிலும் கஞ்சத்தனம். நூலகத்தில் தூங்கும் படம்தான், ஆனால் முகம் எடுப்பாக விழுந்த படம். ராத்திரியெல்லாம் படித்த களைப்பு என்று கீழே எழுதினான்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? படிப்பா, இவனா என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஒருத்தி அவன் மூக்கைக் கேலி செய்து எழுதினாள். இவன் பாட ஆரம்பித்தால் விடுதி நாய் எழுந்து போய்விடும் என்று எழுதியது சாட்சாத் அறைத்தோழன். சாதுவுக்கு உண்மையாகவே வலித்தது. மற்றவர்களுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும் என்ற நினைப்பு மட்டும் வரவில்லை. என் மூக்குக்கு என்ன குறைச்சல் என்ற நினைப்புதான் வந்தது.

பொறுக்க மாட்டாமல் பக்கத்தின் பெயரிலேயே எழுதினான்: "போதும், விடுங்க. அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. மூக்கு நல்லாத்தான் இருக்கு. பாட்டும் ஒண்ணும் மோசமில்ல."

மறுநாள் அவன் வகுப்புக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. அறைத்தோழன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சிலிருந்து அவள் பேசினாள்.

"இத்தனை நாள்ல அந்தப் பக்கம் யாருக்கும் பரிஞ்சு பேசினதில்ல. உனக்கு மட்டும்தான் பேசிச்சு."

ஒருத்தன் படம் பிடிக்கப் போனைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துச் சாதுவுக்குத் தும்மல் வருவதுபோல் மூக்கு அரித்தது.