நரியூத்து ஓடை மேலே போனது

கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, நரியூத்து ஓடை தரையை விட்டுப் பத்தடி எழும்பி, கரையில்லாமலேயே தன் பழைய தடத்தில் ஓடத் தொடங்கியது. மீன்களும் கூடவே போயின. கீழே மணல் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.

காரணம் ஊருக்குத் தெரியும். குவாரிக்காரர்கள் எழுதி வாங்கிய இருநூறு பக்க அறிக்கையில், 'இந்தத் தரையில் ஓடை எதுவும் இல்லை' என்று ஒரு விஞ்ஞானி எழுதியிருந்தார். மேகமலை அடிவாரத்தை அவர் வரைபடத்தில்தான் பார்த்திருந்தார். படித்த படிப்பை இப்படியா விற்பது? சட்டப்படி கருத்துக் கேட்புக் கூட்டமும் நடந்தது. கருத்தம்மாள் எழுந்து, ஓடை இருக்கிறது, அதை நம்பித்தான் தன் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது என்று தொண்டை கட்டக் கத்தினாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பிரியாணி போட்டு, பந்தி வாசலில் ஒரு நோட்டை வைத்தார்கள். சோறு போட்டவர் கேட்கும் கையெழுத்தை மறுப்பது இந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. கருத்தம்மாளும் கை கழுவிவிட்டுப் போட்டாள். அந்த நோட்டுத்தான் ஊர்ச் சம்மதமாக அறிக்கையோடு தைக்கப்பட்டது.

"தின்னதுக்குத்தானய்யா கையெழுத்துப் போட்டேன், ஓடையவா எழுதிக் குடுத்தேன்?" என்று தேனிக்குப் போய், குறைதீர் கூட்டத்தில் கேட்டாள். அதிகாரிகள் வந்தார்கள். தலைக்கு மேல் கெண்டை நீந்த, காய்ந்த மணலில் டேப் பிடித்தார்கள். தரையில் ஓடை இல்லை, அறிக்கை சரி என்றார்கள். நிலத்தடி நீர் ஆபீஸ் இது நிலத்துக்கு அடியில் இல்லை என்றது. பாசன ஆபீஸ் கரை இல்லாத தண்ணீர் தன் கணக்கில் வராது என்றது. கருத்தம்மாளே ஏணி போட்டு மொண்டு பார்த்தாள். தண்ணீர் குடத்தோடு மேலேயே நின்றுவிட்டது. மூன்று குடங்கள் இன்றும் அங்கேதான் தொங்குகின்றன.

இலை பழுத்து உதிரத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், கருத்தம்மாள் பந்தலுக்குள் நின்று கொடிகளை ஏசினாள். "அவுக இல்லைன்னு எழுதுவாக, அவுக பொழப்பு அப்படி. ஒங்களுக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா? மேல பாருங்க!" கொடிகளுக்கு ரோஷம் வந்தது. ஒரு வாரத்தில் வேர்கள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்து, பந்தல் கல்தூண்களில் ஏறி, ஓடைக்குள் நுழைந்தன.

குவாரி நிற்கவில்லை; அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். வெடி வைக்கிறார்கள், மலை குறைகிறது. லோடு லாரிகள் அந்த இல்லாத ஓடைக்குள் தலையை விட்டு ஓசியில் கழுவிக்கொண்டு போகின்றன. வெட்கம் என்று ஒன்று இருந்தால் சுற்றிப் போவார்கள்.

தை அறுப்புக்குக் குமுளி வியாபாரி ஜேசுராஜ் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"வேரு என்னக்கா மேல கிடக்கு?"

"கீழ தண்ணி இல்லைன்னு கவர்மெண்டு சொல்லிருச்சு தம்பி."

அவர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, இனிப்புக்குக் குறைவில்லை என்றார். பிறகு ஏணியில் ஏறி, ஓடைக்குள் தலையை விட்டுக் குளித்து, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பழக்கூடைகளை வண்டியில் ஏற்றினார்.