பிஸ்கட்டுக்கு எந்தத் தொப்பி?

என் தம்பி எந்தக் கல்லூரியில் சேரப் போகிறான் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவனைத் தவிர. கிழக்கு டெக்சஸில், இருக்கிற ஒரே போக்குவரத்து விளக்கும் ஒழுங்காக எரியாத ஊர் எங்களுடையது. முடிதிருத்தும் டெல்ராய் முதல் சர்ச்சில் பியானோ வாசிக்கிற அம்மாள் வரை, "சிவப்புதான், வேற என்ன?" என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். சிவப்புச் சட்டைப் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் எங்கள் ஊர் மாதிரி முப்பது ஊர் உட்காரலாம்.

தம்பியின் பெயர் ஜார்வெல். கூப்பிடுவது பிஸ்கட். நூற்று நாற்பது கிலோ பிஸ்கட். அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நின்று எதிரணியை முட்டித் தள்ளுவது அவன் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டால் ஆளே வேறு. பக்கத்துப் பண்ணையில் பசு ஒன்று கன்று போட முடியாமல் தவித்தபோது, தோள்வரை கையை விட்டு இழுத்துப் போட்டுவிட்டு, கன்றைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அன்றிலிருந்து மாட்டு டாக்டர் ஆகியே தீருவேன் என்று பிடிவாதம்.

அப்பாவுக்கோ சிவப்பைத் தவிர வேறு நிறம் கண்ணில் படாது. இளம்வயதில் சிவப்புக்கு ஆடியவர். இரண்டாம் வருடமே முட்டி போய் ஊர் திரும்பி, டயர் கடை வைத்தவர். "காலேஜ்ல என்னப்பா படிச்ச?" என்று கேட்டால், "நிறையப் படிச்சேன்டி" என்பார். அடுத்த மூச்சில் ஏதாவது ஒரு மேட்சுக்குத் தாவிவிடுவார்.

ஜனவரியில் சிவப்பு கோச் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைக் கேட்டு வருகிற கோச் தட்டைக் காலி செய்யும் வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மனிதர் பொரித்த கெளுத்தி மீனை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "மேடம், இதுக்காகவே வாரம் ஒருதடவை வரலாம் போலிருக்கே!" என்றார். அம்மா அப்போதே பையனைத் தாரை வார்த்துவிட்டாள்.

பிஸ்கட் தொண்டையைச் செருமினான். "சார், மாட்டு டாக்டர் படிப்புக்கு மத்தியானத்துல லேப் இருக்கு. பயிற்சியும் மத்தியானம்தான். எதை விடணும்?"

கோச் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி தலைவலி? பயிற்சிக்கு இடிக்காத படிப்பா ஒண்ணு நாங்களே பாத்துத் தர்றோம்."

அப்பாவின் முள்கரண்டி பாதியில் நின்றது. அன்று மாலை அவர் ஒரு மேட்ச் கதைகூடச் சொல்லவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரம் இன்னொரு கல்லூரியான பச்சைச் சட்டைக்காரர்களின் கோச். வாராவாரம் தோற்பதை ஒரு வேண்டுதல் போலச் செய்துவரும் அணி அது. வந்தவர், "மன்னிச்சுக்கோங்க மேடம், மீன் எனக்கு ஒத்துக்காது" என்று சோள ரொட்டியை மட்டும் கொறித்தார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிஸ்கட் அதே கேள்வியைக் கேட்டான்.

"லேப் இருக்கிற அன்னிக்கு லேட்டா வா. எங்க பசங்கள்ல ஒருத்தன் அப்படித்தான் வர்றான். என்ன, அவன் பக்கத்துல நின்னா தொழுவ நாத்தம்."

"மீன் சாப்பிடாதவனை எப்படி நம்புறது?" என்று அம்மா கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

எந்தக் கல்லூரி என்று ஊரறியச் சொல்லிக் கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்தின தினம் பிஸ்கட் என் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "பச்சைன்னு சொன்னா அப்பா உடைஞ்சிடுவாருக்கா."

"சிவப்புன்னா நீ உடைஞ்சிடுவ. யாரை ஒட்டவைக்கிறது சுலபம்னு யோசிச்சுக்கோ."

எனக்கும் அழுகை முட்டியது. அதனால்தான் அப்படிக் கடித்துத் துப்பினேன்.

பள்ளியின் விளையாட்டுக்கூடமான ஜிம்மில் ஊரே கூடியிருந்தது. மேசைமேல் சிவப்பும் பச்சையுமாக இரண்டு தொப்பிகள்; எதை மாட்டுகிறானோ அதுதான் கல்லூரி. பக்கத்தில் அப்பா டிசம்பரிலேயே சொல்லிவைத்த சிவப்புக் கேக். வாத்தியக்குழு சிவப்பின் பாட்டை மட்டும் பழகியிருந்தது. பையன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டார் ஜாக்கெட்டைத் திறந்து உள்ளே இருக்கிற கல்லூரிச் சட்டையைக் காட்டுவார்கள். கல்யாணத்தில் சொதப்பினாலும் சொதப்பலாம், இதில் கூடாது. அப்பா கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

பிஸ்கட்டின் கை சிவப்புக்குப் போனது. பச்சைக்கு வந்தது. மறுபடி சிவப்புக்குப் போனது. அவன் தொப்பிகளைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்ரென்று ஜிப் சத்தம். அப்பா எழுந்து ஜாக்கெட்டைத் திறந்துவிட்டார், தொப்பிக்கு முன்னாலேயே! உள்ளே பச்சைச் சட்டை. இரண்டு அளவு சின்னது. தொப்பை எட்டிப் பார்த்தது.

"ரோஸ்கோ! முறையைக் கெடுத்துட்டியே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிஸ்கட் பச்சைத் தொப்பியை எடுத்து மாட்டினான். அது அவன் மண்டைக்குப் போதாமல் உச்சியில் உட்கார்ந்தது. வாத்தியக்குழு தனக்குத் தெரிந்த சிவப்புப் பாட்டையே வாசித்தது.

டெல்ராய்தான் பொறுக்காமல் கத்தினான். "என்னய்யா இது? சிவப்புக்கே ஆடின ஆளு நீ!"

"ஆடினேன். அங்க என்ன படிச்சேன்னு கேளு."

"சரி, என்ன படிச்ச?"

"பயிற்சிக்கு இடிக்காத ஒரு படிப்பு." அப்பா சிரித்தார். "பேரு இன்னிக்கு வரைக்கும் ஞாபகத்துக்கு வரலடா."

ஜிம்மில் யாரும் சிரிக்கவில்லை. பிஸ்கட் மேசையைச் சுற்றி வந்து, அந்தக் கன்றைக் கட்டிக்கொண்ட மாதிரியே அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான்.