வெள்ளிக்கிழமை ஸ்கேன்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேவையில்லை என்று எழிலரசி நான்கு வருடமாக வாதாடிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காத நாட்களில்கூட வாதாடினாள்.

மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டின் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டர் 2004-ல் வந்து உட்கார்ந்தது. பழைய திரைச்சீலையை வெட்டி அதற்கு அவளே உறை தைத்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சிபியூவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதற்கு மேல் அதற்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

"ஆன்டிவைரஸ் போட்டா கம்ப்யூட்டர் எருமை மாதிரி நடக்கும்" என்பாள்.

மகள் வினோதினி பதினொன்றாவது படித்தாள். பள்ளிக்கூடத்து ப்ராஜெக்டை அதில்தான் செய்துகொண்டிருந்தாள். "எம்மா, இப்பவே அப்டித்தான் நடக்குது" என்பாள்.

"நம்ம வீட்டுல நெட்டே கெடையாது. வாசப்படி தாண்டாத கம்ப்யூட்டருக்கு நோவு எங்கேர்ந்து வரும்?"

பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் தமிழ் நடத்துகிறவள். வாசற்படி தாண்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று எந்த வகுப்பிலாவது ஒரு மாணவி சொல்லியிருந்தால், பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அவளைத் திருத்தியிருப்பாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அவள் அந்தக் காலத்து மாமனாராக இருந்தாள்.

உண்மைக் காரணம் வேறு. கம்ப்யூட்டருக்குள் '1998 வினாத்தாள்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அத்தனை பழைய வினாத்தாளை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று யோசித்து வைத்த பெயர். அதுவும் போதாமல், ஒரு பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியைப் படித்து அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் வைத்திருந்தாள். உள்ளே ஆளுக்கொரு ஃபோல்டர், ஆங்கில எழுத்தில் பெயர் போட்டு: கணவர் மணவாளன், மகள் வினோதினி, தம்பி அருள்முருகன். வீடு அடங்கிய விடுமுறை மதியங்களில் அவர்களைப் பற்றித் தனக்குத் தோன்றியதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வந்தாள். அதற்கு வேறு நகல் கிடையாது.

அந்த ஃபோல்டரை யாராவது திறந்தால் குடும்பம் மூன்றாக உடையும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பது அவளுக்கே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். அதில் அவளுக்குப் பழக்கம் அதிகம்.

ஆன்டிவைரஸ் என்றால் அருள்முருகன்தான் வந்து போடவேண்டும். சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அவனுக்கு வேலை. அக்கா வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஃபிரிட்ஜைத் திறக்கிறவன். கம்ப்யூட்டரை மட்டும் திறக்காமல் விடுவானா? அதோடு, ஸ்கேன் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலின் பெயரும் திரையில் வரிசையாக ஓடும் என்று பள்ளிக்கூடத்து ஆபீஸில் பார்த்திருந்தாள். மணவாளன் ஈசி சேரில் படுத்து டிவி பார்க்கிற கூடத்தில், மணவாளனின் பெயர் திரையில் ஓடுவதா?

ஆகவே ஆன்டிவைரஸ் கூடாது. கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும்.

2008 ஜனவரியில் நோய் வந்தது. அவளே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பகுதிநேரமாக எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், கீழவீதியில் ஒரு டிடிபி கடையில் ஆய்வேட்டை அச்செடுத்துத் திருத்துவாள். கடைக்காரி தில்லையம்மாளின் ஒற்றை மெஷினில்தான் அந்த ஊரில் ஆய்வேடு எழுதுகிற பாதிப் பேரின் பென்டிரைவும் வரிசையில் நின்று நுழைந்து வெளியே வரும்.

"டீச்சர், ஒங்க பென்டிரைவுல எல்லா ஃபோல்டரும் ரெண்டு ரெண்டா தெரியுதே" என்றாள் தில்லையம்மாள்.

"இருக்கட்டும். ஒரு காப்பி ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான" என்றாள் எழிலரசி. திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை தன் முன்யோசனையை எண்ணி மகிழ்ந்துகொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் காப்பி வைத்திருக்கிறவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர்?

புதன்கிழமைக்குள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லா ஃபோல்டருக்கும் ஓர் இரட்டைப் பிறவி வந்துவிட்டது. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று திறந்தது. வினோதினி அழைத்தும் ப்ராஜெக்ட் வரவில்லை. மெஷின் நினைத்த நேரம் அணைந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மறைத்து வைத்ததைக் காட்டச் சொல்லும் இடம் மெனுவில் ஒன்று உண்டு. அந்த இடமே காணாமல் போயிருந்தது. வைரஸ் அதைப் பிடுங்கிவிட்டது. நான்கு வருடம் எல்லோரிடமிருந்தும் ஒளித்து வைத்தவளுக்கு இப்போது தன் ஃபோல்டரே தெரியவில்லை. அவள் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி, சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

ஆய்வேடு தில்லையம்மாளிடம் பத்திரமாக இருந்தது. அவளுக்கு ஆய்வேட்டின் ஞாபகமே வரவில்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே தம்பிக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருள்முருகன் லேப்டாப்போடு வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மணவாளன் முதுநகரில் வாங்கி வந்த மீனைப் பின்கட்டில் வைத்துவிட்டு, ஈரக்கையோடு வந்து நின்றார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் லேபில் கெமிஸ்ட். எதையும் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் அவருக்கு. பின்னால் வினோதினியும் வந்து நின்றாள்.

"மச்சான், என்னாய்யா சொல்லுது?"

"இருங்க மாமா, ஸ்கேன் போட்டிருக்கேன். ஊர்ல இருக்கிற அத்தனையும் உள்ள குடியிருக்குது."

சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. எழிலரசி டீ கொடுக்கும் சாக்கில் திரையை மறைத்து நின்றாள்.

"தள்ளுக்கா" என்றான் அருள்முருகன். அப்புறம் திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். "மாமா, ஒங்க பேரு வருது."

மணவாளன் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் பெயர். அதற்குப் பக்கத்தில் 'ஆபத்து: அதிகம்'. அதற்கும் பக்கத்தில், நீக்கலாமா என்று ஒரு கேள்வி.

"என்னை எதுக்குய்யா நீக்குது?"

"ஒங்கள இல்ல மாமா. இந்த வைரஸ், ஏற்கெனவே இருக்கிற ஃபோல்டரோட பேரத் திருடி வெச்சிக்கும். அப்ப ஒங்க பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கணும். தோ, எம்பேரும் இருக்குது. வினோ பேரும்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்சூரன்ஸ் விவரம்" என்றாள் எழிலரசி.

நல்ல பொய். அவளுக்கே அது பிடித்திருந்தது. இன்சூரன்ஸ் என்றதும் மணவாளனின் முகத்தில் ஆர்வம் வடிந்துவிட்டது.

"ஃபார்மட் போட்டாத்தான் சரியாவும்க்கா. எல்லாம் போயிடும். வேணுங்கறத எடுத்து என் லேப்டாப்புல வெச்சிட்டு அப்புறம் போடுறேன்" என்ற அருள்முருகன், என்னென்னவோ தட்டி, மறைந்திருந்ததை வெளியே இழுத்தான். '1998 வினாத்தாள்' வந்தது. அதன் உள்ளே இருந்தவை வந்தன. லேப்டாப்புக்கு மாற்றி, நன்றாக இருக்கிறதா என்று மணவாளன் பெயரில் இருந்த ஃபைலைத் திறந்தான்.

எழிலரசி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"அய்யய்யே" என்றான் அவன். "பூரா நாறிப் போச்சு."

திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை.

"வைரஸ் தின்னுடுச்சுக்கா. நாப்பத்தி ரெண்டு பக்கம், ஒரு வரி தேறாது. இன்சூரன்ஸ் பேப்பர்தான் கையில இருக்குமே. இத டிலீட் பண்ணிட்டு ஃபார்மட்டப் போட்டுடட்டா?"

அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எதையும் எதுவும் தின்னவில்லை. அவள் எழுதியது தில்லையம்மாள் கொடுத்த தமிழ் ஃபான்டில். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் தமிழ் இப்படித்தான் தெரியும். ஆங்கில மீடியத்தில் படித்து, வேலையில் ஒரு வரி தமிழ் அடித்திராத அருள்முருகனுக்கு அது தெரியவில்லை.

சரி என்று சொன்னால் போதும். நான்கு வருடமாக அவள் வேண்டிக்கொண்டது இதுதான்: யாரும் படிக்கக்கூடாது. இனி யாராலும் படிக்க முடியாது. குடும்பம் உடையாது. குற்றமும் அவள் மேல் இல்லை, வைரஸ் மேல்.

அவன் விரல் பட்டனுக்குப் போயிற்று. அவளுக்கு மீன் வாடை, டிவியில் ஏதோ விளம்பரம், மணவாளனின் ஈரக்கையிலிருந்து தரையில் விழும் சொட்டு, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. யாரும் படிக்கக்கூடாது என்று ஒளித்தவள், அது நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளாவது யாராவது சொல்லவேண்டும் என்றும் உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு அற்பமான ஆசை. அந்த ஆசைக்கு எதிரில் குடும்பம் மூன்றாக உடைவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

"அழிக்காதடா" என்றாள். "அது கெட்டுப் போவல. தமிழ் ஃபான்ட் போடணும். சிடி பீரோவுல இருக்குது."

"இன்சூரன்ஸ தமிழ்லியா அடிச்ச?" என்றார் மணவாளன்.

"இன்சூரன்ஸ் இல்ல. நான் எழுதுனது. ஒங்களப் பத்தி."

ஃபான்ட் ஏறுவதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு நீண்ட இரண்டு நிமிடம் அவளுக்கு வாய்த்ததில்லை. திரையில் தமிழ் வந்தது. மணவாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேப் ரிப்போர்ட் படிக்கிற குரலில் படித்தார்.

"அவர் தயிர்சாதத்தைப் பிசையும்போது ஆழ்ந்து யோசிப்பவர் போல இருக்கும். எதையும் யோசிப்பதில்லை என்பது ஏழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது."

அருள்முருகன் கீழே குனிந்து, கழன்றிராத வயரைச் சரிசெய்தான். வினோதினி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

மணவாளன் மனசுக்குள் இன்னும் நாலு வரி படித்தார். உதடு அசைந்தது. எழிலரசி சண்டைக்குத் தயாராகச் சில வாக்கியங்களைக் கோத்து வைத்தாள். கண்ணீருக்குச் சிலவற்றைத் தனியாக வைத்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றார் அவர். "எத்தினி பக்கம்யா சொன்ன, மச்சான்?"

"நாப்பத்தி ரெண்டு."

"அப்புறம் படிக்கிறேன். மீனு வெயில்ல கெடக்குது." போய்விட்டார்.

அருள்முருகன் தன் பெயரில் இருந்ததைத் திறந்திருந்தான். "என்னாக்கா, எனக்கு ரெண்டே பக்கமா? அதுலயும் ஒரு பக்கம் ஃபிரிட்ஜப் பத்தி."

"நீ எப்பவாச்சும் வந்து போறவன்."

"மாமாவுக்கு மட்டும் நாப்பத்தி ரெண்டு" என்று சாப்பிடும்வரை முணுமுணுத்தான். வினோதினி தன்னுடையதைப் படிக்கமாட்டேன் என்றாள், கூச்சமாக இருக்கிறதாம். குடும்பம் உடையவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது. எழிலரசிக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

சாயங்காலம் அருள்முருகன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, ஆன்டிவைரஸ் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் மதியம் தானாக ஸ்கேன் ஓடும்படி வைத்தான். ஃபோல்டரைத் திரும்ப ஏற்றினான். எழிலரசி அதை இந்த முறை மறைக்கவில்லை. 'மணவாளன்' என்ற ஃபைலைத் திரையின் நடுவிலேயே, அவர் தினமும் ஆடும் சீட்டு விளையாட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கை கொஞ்சம் தவறினாலும் அதில்தான் விழும்.

அவர் கை தவறவில்லை. திங்கள் சீட்டு ஆடினார். செவ்வாய் ஆடினார். புதன்கிழமை அவளைக் கூப்பிட்டார், ஓடிப்போனாள், தண்ணீர் கேட்டார்.

ஒரு ஃபைல் கடைசியாக என்று திறக்கப்பட்டது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும், வலது பட்டனைத் தட்டினால் சொல்லும் என்று வினோதினி ஏதோ பேச்சில் சொன்னாள். அன்றிலிருந்து எழிலரசி பள்ளி விட்டு வந்ததும் பையை வைப்பதற்கு முன் வலது பட்டனைத் தட்டினாள். அதே ஞாயிற்றுக்கிழமைத் தேதி. படிக்கக்கூடாது என்று நான்கு வருடம் பயந்தவள், ஐந்து நாளாகப் படிக்காததற்கு மனசுக்குள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை தேதி மாறியிருந்தது. மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

மணவாளனுக்கு அன்று காலை ஷிப்ட். இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டிருப்பார். ஆளில்லாத வீட்டில், தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். எழிலரசி முகம் கழுவி, வேறு புடவை கட்டி, அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு போண்டா போட்டாள். அவர் நாலு சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் மாடிக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஒங்க மாமா படிச்சிட்டாருடா. தேதி மாறியிருக்குது."

"எத்தினி மணிக்கா?"

"ரெண்டு பத்து."

"அது ஸ்கேன்க்கா. ரெண்டு மணிக்கு ஓட வெச்சேன்ல. ஆன்டிவைரஸு எல்லாத்தையும் தொறந்து பாக்கும். பாத்தா தேதி மாறிடும்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா, மொதல்லேர்ந்து கடேசி வரைக்கும். அதான அதோட வேல."

எழிலரசி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். அந்தப் பக்கம் அருள்முருகன் பேசிக்கொண்டே இருந்தான்.

"கம்ப்யூட்டரு ரொம்ப மெதுவாவுதா? நீதான் அப்பவே வேணான்ன. வேணும்னா வந்து எடுத்துடட்டா?"

"வேணாம்" என்றாள். "இருந்துட்டுப் போவுது."

கீழே வந்தாள். மணவாளன் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். அவர் எழுந்ததும் அவள் உட்கார்ந்து, மதியத்து ஸ்கேன் கொடுத்துவிட்டுப் போன அறிக்கையைத் திறந்தாள். நாற்பத்திரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதியிருந்தது: ஆபத்து எதுவும் இல்லை.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஃபைலைத் திறந்து, நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் போண்டாவைப் பற்றி எழுதத் தொடங்கினாள்.