பெரிய வெள்ளியும் ஒரு பெருவிரலும்

தவக்காலம் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் இருதயநாதன் கறியை விட்டார், பீரையும் விட்டார். அந்தமானில் எங்கள் மாயாபந்தர் ஜெட்டியில் அவரைப் பாராட்டாத ஆள் இல்லை. விட்ட இடத்தில் எதை வைத்தார் என்று கேட்டவர்தான் யாரும் இல்லை. கறிக்குப் பதில் மூன்று வேளையும் மத்தியும் நெத்திலியும். பீருக்குப் பதில் ஆரஞ்சு நிறக் கூல் டிரிங்க்ஸ், பாட்டில் பாட்டிலாக.

பாதித் தவக்காலத்தில் ஒரு நாள் காலை வலது பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே அலறினார். படகு இன்ஜினைத் தனியாளாகத் தூக்குகிற மனிதர்! இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வங்காளி டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் பொறுமையாகச் சொன்னார். யூரிக் ஆசிட் ரொம்பக் கூடியிருக்கிறது, விரல் வீக்கம் அதனால்தான். சர்க்கரை வியாதி இல்லை, ஆனால் வெறும் வயிற்றுச் சுகர் எல்லையில் வந்து நிற்கிறது. இரண்டும் பல பேருக்குச் சேர்ந்தே கூடும். மத்தி, நெத்திலியைக் குறைக்க வேண்டும், கூல் டிரிங்க்ஸை அடியோடு நிறுத்த வேண்டும், அது யூரிக் ஆசிட்டையும் ஏற்றும்.

இவ்வளவு சொன்னதில் இவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்று.

"சுகர் நஹி ஹை! சுகர் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்கள்லா, செல்வம்?" என்று என்னைப் பார்த்துச் சொன்னவர், வெளியே வந்ததும் முதல் கடையிலேயே ஒரு பாட்டிலைத் திறந்தார்.

"அதையும் நிப்பாட்டத்தான சொன்னாவ?"

"யூரிக் ஆசிட் மீன்லதான இருக்கு? மீனை விட்டுருதேன். இதுல என்ன மீனா நீந்துது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மீனை விட்டார், அந்தக் கணக்குக்கும் சேர்த்து இன்னொரு பாட்டில் குடித்தார். ஒளித்து வைத்தால் கடையில் நின்று குடித்தார். கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் வேறு கடைக்குப் போனார்.

என் கோபம் முழுக்கப் பயம்தான். இவருடைய அண்ணனுக்கும் முதலில் சுகர் எல்லையில்தான் நின்றது. அவரும் இதே மாதிரிதான் சிரித்தார். சில வருஷத்தில் அது சர்க்கரை வியாதியாகி, காலில் புண்ணாகி, போர்ட் பிளேரில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் ஊர்ச் சிலுவைப் பாதையில் ஆள் மாற்றி ஆள் சிலுவையைச் சுமப்பார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன அன்று நேர்ந்துகொண்டதை இந்த வருஷம் நிறைவேற்ற வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். விரல் மறுபடி வீங்கியிருந்ததை எல்லாரிடமும் மறைத்துவிட்டு, ரப்பர் செருப்பு மாட்டி, சிலுவையைத் தோளில் வாங்கிக்கொண்டு மேடேறினார்.

மூன்றாம் நிலை. ஆண்டவர் முதல் முறை கீழே விழுகிறார் என்று ஃபாதர் வாசித்தார். இவர் நிஜமாகவே விழுந்தார்.

"ஆண்டவரே!" என்று ஜனம் உருகியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் குனிந்தேன்.

"சும்மா இரி, ஜனம் ஜெபிக்குது," என்றார் பல்லைக் கடித்தபடி.

பக்கத்து வீட்டு சுஜிதா இரக்கப்பட்டு ஒரு பாட்டிலை நீட்டினாள். அதே ஆரஞ்சு நிறம். தரையில் கிடந்த மனிதரின் கை அதற்கு நேராகப் போயிற்று.

"ஒங்க அண்ணன் காலை எங்க பொதைச்சோம்னு ஞாபகம் இருக்கா?" என்றேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். குனிந்து சிலுவையை என் தோளில் ஏற்றிக்கொண்டேன். பொம்பளை சுமக்கலாமா என்று யாரோ முணுமுணுக்க, ஃபாதர் "நடம்மா" என்றார்.

நடந்தேன். பின்னால் ரப்பர் செருப்பு நொண்டி நொண்டி வரும் சத்தம் கேட்டது.

"சுஜிதா, வெறும் தண்ணி இருக்காம்மா?" என்றார் அவர்.