பற்றவைத்த இடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தங்கை சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உடைந்த இரும்புகளைப் பார்ப்பது அவள் வேலை. எங்காவது ஓர் அச்சோ, போல்ட்டோ, கொதிகலன் குழாயோ உடைந்தால் துண்டுகளை அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஏன் உடைந்தது, இனி உடையாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவள் எழுதித் தர வேண்டும். பிரேதப் பரிசோதனை என்று நான் கேலி செய்வதுண்டு. அன்று செய்யவில்லை.

"ரிப்போர்ட்ல எல்லாம் எழுதிட்டேன் அண்ணா. ஆனா நடந்ததுல பாதிக்கு அதுல இடமே இல்ல. நீ எழுதேன்."

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

'சூறைக்காற்று வீசிய ஒரு காலையில், வானத்தைத் தொடும் கிரேனின் உச்சியில்—'

வேண்டாம். அன்று காற்றே இல்லையாம். இருந்திருந்தால் பழியை அதன் தலையிலாவது கட்டியிருக்கலாம்.

இரண்டாம் தொடக்கம்:

'இரும்புக்கும் களைப்பு உண்டு.'

அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை. ஒருவர் செத்துப்போன கதையை இவ்வளவு அழகாகத் தொடங்குகிறவனை நான் என் வீட்டுக்குள் விடமாட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஓர் இரும்புக் கிடங்கு. அங்கே மூன்று கோபுரக் கிரேன்கள். நடுக் கிரேனை ஓட்டியவரை எல்லோரும் 'மாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். "மாடி வீட்ல இருக்காரா?" என்று கீழே நிற்பவர்கள் அண்ணாந்து கத்துவார்களாம்.

ஒருநாள் அவர் தகடுக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, கிரேனின் நீண்ட கையை மேலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் தாங்குகம்பி முறிந்தது. கை சரிந்தது. அதோடு கோபுரமும் சாய்ந்தது. மேலே இருந்த ஓட்டுநர் அறையோடு விழுந்து அவர் இறந்தார்.

அளவுக்கு மீறிய எடையைத் தூக்கிவிட்டார் என்று நிர்வாகம் மறுநாளே அறிவித்தது. மற்ற இரண்டு கிரேன்களும் வழக்கம்போல ஓட ஆரம்பித்தன.

(அவரை நல்லவராக எழுதக் கை துறுதுறுக்கிறது. குழந்தைகளைப் பார்த்து மேலிருந்து கையசைப்பார் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அவர் மனைவி தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: "கோவக்காரரு. சண்டை போட்டாலும் டிபன் பாக்ஸை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போவாரு.")

3

முறிந்த கம்பி தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம் வழியாகத் தங்கையிடம் வந்தது. கம்பி என்றால் மெல்லியது அல்ல, மணிக்கட்டுத் தடிமன். முறிந்த முகத்தைக் கழுவி விளக்கடியில் வைத்தாள்.

எடை தாங்காமல் ஒரே இழுப்பில் முறிந்த இரும்பின் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். இதிலோ பெரும்பகுதி வழவழப்பு. அதன்மேல் வளைவு வளைவாகக் கோடுகள், அலை பின்வாங்கிய மணல் மாதிரி. ஒவ்வொரு முறை எடை தூக்கும்போதும் ஒரு விரிசல் துளித் துளியாக முன்னேறிய தடம் அது. கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் இரும்பு, ஒரு சாதாரண எடைக்கே பிய்ந்துபோயிருக்கிறது.

கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியைச் சுற்றி விரிந்திருந்தன. அந்தப் புள்ளியில், கம்பியின் மேற்பரப்பில், கட்டைவிரல் அளவுக்கு, கேபிளைப் பிடித்து வைக்கும் ஒரு கிளிப் பற்றவைக்கப்பட்டிருந்தது.*

* தங்கை தந்த விளக்கம்: இந்த வகை உறுதியான எஃகின் ஒரு சின்ன இடம் மட்டும் திடீரென்று சூடாகி உடனே குளிர்ந்தால், அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முதல் விரிசல் அங்கே விழும். "வேணும்னு யாரும் பண்றதில்ல அண்ணா. ஒரு நிமிஷ வேலை. பாக்கறதுக்கு ஒண்ணும் ஆகாத மாதிரிதான் இருக்கும்."

4

மாடியின் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பைக்கில் கூட்டி வந்த அவருடைய தம்பி, இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் மேடம். எங்க வீட்டுக்காரரு அதிக வெயிட்டைத் தூக்கிட்டாருன்னு சொல்றாங்க. தெருவுல பாக்கறவங்கள்லாம் அதையே கேக்கறாங்க. அவரு என்ன அவ்வளவு விவரம் கெட்டவரா?"

அறிக்கை தரும்முன் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. தங்கை திறந்தாள்.

"இல்லைங்க. அவர் மேல தப்பே இல்ல. எப்பவும் தூக்கற வெயிட்தான். கம்பி பல மாசமாவே விரிஞ்சுக்கிட்டு வந்திருக்கு. அவருக்குத் தெரிய வழியே இல்ல."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நெஞ்சிலிருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததுபோன்ற அழுகை.

"விரிசல் எப்படி மேடம் வந்துச்சு?" என்று தம்பி கேட்டார்.

தங்கை அப்போது மகிழ்ச்சியாக இருந்தாள். (இந்தச் சொல்லை மாற்றட்டுமா என்று கேட்டேன். "மாத்தாத. சந்தோஷமாத்தான் இருந்தேன்" என்றாள்.)

"அந்தக் கம்பி மேல சின்னதா ஒரு கிளிப்பை வெல்டு வெச்சிருக்காங்க. அதுல நெருப்பே படக் கூடாது. விவரம் தெரியாத ஆளு யாரோ பண்ண வேலை."

ஒரு ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது.

இந்த இடத்தில் தம்பியின் மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். சொல்வதா மறைப்பதா என்று அவர் தவிப்பதாக, தொண்டை வறள்வதாக— எல்லாம் என் கைச்சரக்கு. அவர் யோசிக்கவே இல்லையாம். ஹெல்மெட்டை எடுக்கக்கூடக் குனியவில்லையாம்.

"நான்தான் மேடம் வெச்சேன். அங்கதான் வெல்டரா இருக்கேன்" என்றார். "மத்த ரெண்டு கிரேன்லயும் வெச்சிருக்கேன். இப்ப மேல ஆள் இருக்கு."

அவருடைய அக்கா முகத்திலிருந்து கைகளை எடுத்தார்.

5

தங்கை கிடங்கு மேலாளரைத் தொலைபேசியில் பிடித்து, கிரேன்களை உடனே நிறுத்தச் சொன்னாள்.

"எழுத்துல அனுப்புங்க மேடம், பாக்கறோம்."

"எழுதறதுக்குள்ள இன்னொண்ணு விழுந்துடும் சார்!"

"அப்படியெல்லாம் வாய் வார்த்தைக்கு வேலையை நிறுத்த முடியாதுங்க."

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வெல்டர் இல்லை. பைக்கும் இல்லை.

பாதுகாப்பு அலுவலகத்து ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு அவள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, கிரேன்கள் இரண்டும் அசையாமல் நின்றன. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார் வெல்டர். சட்டை தோளில் கிழிந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. சூப்பர்வைசரும் சுமைக்காரர்களும் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கிரேன் ஓட்டுநர் ஏணியிலிருந்து இறங்கும்போதே திட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் கிரேனின் கம்பியில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினார்கள். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் பொடியில் ஊறி வெளியே தெரியும். தெரிந்தது. கம்பியைப் பாதிக்குமேல் சுற்றிவந்த சிவப்புக் கோடு.

(இது நியாயமாகக் கதையின் உச்சம். ஓர் உயிர் தப்பியது. ஆனால் தப்பியதை யார் பார்த்தார்கள்? விழாத கிரேனுக்குச் சத்தம் இல்லை. அந்த ஓட்டுநர் இன்றுவரை வெல்டரின் பேரைக் கேட்டாலே காறித் துப்புகிறாராம், தன் நண்பரைக் கொன்றவன் என்று. என் தங்கையின் தொழிலே இதுதான்: தோற்றால் ஊருக்கே தெரியும், ஜெயித்தால் ஒன்றுமே நடக்காது.)

6

சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக வெல்டர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்தார். அந்த அம்மா அதே நாற்காலியில் இருந்தார். கிடங்கிலிருந்து திரும்பியிருந்த தங்கை பக்கத்திலேயே நின்றாள்.

"வா அக்கா, போலாம்."

அவர் தம்பியின் வீங்கிய உதட்டைப் பார்த்தார். "அவரு மேலயே தப்பு இருந்திருக்கட்டும்டா. அழுது தீத்திருப்பேன். நீயாவது எனக்கு மிச்சம் இருந்திருப்ப."

எழுந்து, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார்.

அறிக்கை போனது. மாடியின் மீது போட்ட பழியை நிர்வாகம் வாபஸ் வாங்கி வெல்டர் மீது போட்டது. வேலை போயிற்று, வழக்கும் வந்தது. 'நல்ல ஐடியாவா இருக்கே, மத்ததுலயும் வெச்சுடு' என்று சொன்ன சூப்பர்வைசருக்கு இப்போது எதுவும் ஞாபகம் இல்லை.

பிறகு ஒருநாள் வெல்டர் தனியாக வந்தார். கம்பியில் அந்த இடத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். தங்கை நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கரண்ட் கேபிள் காத்துல ஆடி கேபின்ல அடிச்சுக்கிட்டே இருக்கு, தலைவலி தாங்கல, ஒரு கிளிப் வெச்சுக் குடுடான்னு மாமாதான் மேடம் கேட்டாரு."

"இதை உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

"அவங்களுக்கு மிச்சம் இருக்கறது மாமா பேரு ஒண்ணுதான். அது மேலயும் நான் வெல்டு வெக்கணுமா?"

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அக்கா மனம் இளகி, தம்பி வீட்டுக் கதவைத் தட்டுகிறார். தட்டும் கையை எழுத முடிந்தது. கதவு திறந்ததும் என்ன பேசுவார் என்று எழுத முடியவில்லை.

இரண்டு: வெல்டர் ஊர் ஊராகப் போய், எங்கே நெருப்பு வைக்கக் கூடாது என்று மற்ற வெல்டர்களுக்குச் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் இப்போது வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை.

மூன்று: அவரும்— மாட்டேன். கதை முடிய வேண்டும் என்பதற்காக இன்னொருவரைச் சாகடிக்க மாட்டேன்.

இவ்வளவு எழுதி நிறுத்தியிருக்கும்போது தங்கை ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறாள். குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள்.

"அண்ணா, அந்தம்மா வந்திருக்காங்க. வெளிய உக்காந்திருக்காங்க."

"என்னவாம்?"

"'என் தம்பி தானா போய் எதையும் ஒட்டற ஆள் இல்ல. அவனை ஒட்டச் சொன்னது யாரு? உங்களுக்குத் தெரியும்னு தோணுது'ன்னு கேக்கறாங்க. தண்ணி கொண்டு வரேன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். என்ன அண்ணா சொல்றது?"

சொன்னால் தம்பி திரும்பக் கிடைக்கலாம், புருஷன் இரண்டாம் முறையாகப் போய்விடுவார். சொல்லாவிட்டால் தம்பி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார், அதுவும் தானே விரும்பி. இரும்பென்றால் எங்கே முறியும் என்று என் தங்கை சொல்லிவிடுவாள். இதில் எந்தப் பக்கம் எவ்வளவு தாங்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"உன் கதைன்னா எப்படி முடிப்ப? சீக்கிரம் சொல்லு அண்ணா."

எழுதிய மூன்று முடிவுகளையும் மறுபடி புரட்டுகிறேன். போனில் குழாயை மூடும் சத்தம் கேட்கிறது. டம்ளர் நிறைந்துவிட்டது போல. அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள், போன் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அவள் கதவைத் திறப்பதற்குள்.